படுக்க மறுத்த பிரான்ஸ் பொம்மை

காரைக்காலில் எங்கள் தெருவில் அந்த வருஷத்து நவராத்திரி புரட்டாசியில் தொடங்கிப் பங்குனியில் முடிந்தது. வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் மாதத்தைத் தப்பாகச் சொல்கிறோம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நாங்கள் திருத்துவதில்லை, ஏனென்றால் நூற்று அறுபது நாள் விடாமல் சுண்டல் தாளித்தவர்களுக்கு, பிறர் நம்ப வேண்டும் என்கிற ஆசை தானாகவே போய்விடுகிறது.

எல்லாம் அஞ்சுகம் அக்கா வீட்டுப் பரணில் ஆரம்பித்தது. அக்காவுக்கு எழுபத்திரண்டு வயது, கல்யாணம் ஆகாதவர், முப்பத்தைந்து வருஷம் தொலைபேசி நிலையத்தில் டிரங்க் கால் இணைத்துக் கொடுத்தவர். எங்கள் ஊரில் பாதி வீடுகளுக்குப் பிரான்சில் ஒரு மகனோ மருமகனோ உண்டு என்பதால், அங்கே பிறந்த குழந்தைகளின் சேதியும் அங்கே செத்துப்போன மாமனார்களின் சேதியும் அவர் காதைத் தாண்டித்தான் ஊருக்குள் வந்தன. எந்த வீட்டில் எப்போது அழுவார்கள் என்பது அந்த வீட்டுக்காரர்களுக்கு முன்னால் அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அதே பிரான்சில் இருந்த தன் ஒரே தங்கை மரகதத்துக்கு அவர் ஒரு தரம்கூடப் போன் போட்டதில்லை. கேட்டால், அவள் போடட்டுமே என்பார். அவளும் போடவில்லை. இப்படியே ஐம்பத்து மூன்று வருஷம் போயிருந்தது.

அந்தப் புரட்டாசியில் கூரை ஒழுகியதால் கொத்தனார் பரணைக் காலி செய்யச் சொன்னார். கொலுப் படி கட்டவும் ஆள் வேண்டியிருந்ததால் நாங்கள் நாலைந்து பேர் போயிருந்தோம். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற எதிர்வீட்டு ரெஜினாதான் ஏணியில் ஏறினாள். பொம்மைப் பெட்டிகளுக்குப் பின்னால் கோணிச் சாக்கு ஒன்று வாய் தைத்தபடி இருந்தது. அதில் இருப்பது தன் அடுக்கு என்று அக்கா சொன்னார். அக்காவின் அப்பா இரண்டு மகள்களுக்கும் ஒரே நாளில் கும்பகோணத்தில் ஒரே மாதிரி எவர்சில்வர் அடுக்கு வாங்கி, ஒன்றுக்குள் ஒன்றாக உட்காரும் ஐந்து பாத்திரங்களிலும் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டி, கீறல் விழாமல் இருக்கச் சாக்கில் போட்டுத் தைத்து வைத்திருந்தார். கல்யாணமாகிப் புகுந்த வீட்டுக்குப் போய்த்தான் பிரிக்க வேண்டும் என்று ஏற்பாடு. தங்கையுடையது தங்கையோடு கப்பலேறிப் போயிற்று. அக்காவுடையது பிரிக்கப்படவேயில்லை.

இனி எதற்கு வைத்திருப்பது, கோயில் அன்னதானத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று அக்காவே சொல்ல, ரெஜினா அரிவாள்மனையில் தையலை அறுத்தாள். பெரிய பாத்திரத்தின் விளிம்பில் மரகதம் என்று வெட்டியிருந்தது. இரண்டாவதிலும் மரகதம். மூன்றாவதிலும் நாலாவதிலும் அப்படியே. அக்கா அங்கே கிடந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஐந்தாவது பாத்திரத்தின் மூடியை நெம்பித் திறந்தபோது உள்ளே ஒரு பொம்மை, கண்ணைத் திறந்துகொண்டு, நின்றுகொண்டிருந்தது.

ஒரு சாண் உயரம். கறுப்பு வெல்வெட்டில் பாவாடையும் ரவிக்கையும், பூவேலை செய்த முன்துணி, தலையில் அரிக்கன் விளக்குச் சிம்னியைப் போல நெட்டுக்குத்தாக ஒரு வெள்ளை லேஸ் குல்லா. பிரான்சில் கடலோரச் சீமை ஒன்றில் பெண்கள் திருவிழாவுக்கு இப்படித்தான் உடுத்துவார்களாம். அந்தச் சீமைக்குப் போகிறவர்கள் ஊர் ஞாபகத்துக்கு இந்தப் பொம்மையைத்தான் வாங்கி வருவார்களாம். அக்காவின் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாய். எங்கள் பக்கத்தில் அவர்களைச் சொல்தா என்போம். இரண்டு பெண் குழந்தைகளுக்கும் சேர்த்து ஒரே பொம்மை வாங்கி வந்தது அவர் செய்த முதல் தவறு என்று பின்னால் ரெஜினா சொன்னாள்.

அக்கா முக்காலியிலிருந்து எழுந்தார். பிறகு, "தூசி தட்டி மூணாம் படியில வை," என்றார்.

பின்னால் எங்களுக்குத் தெரிந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறோம். கொலு வைக்கிற வீடுகளில் விஜயதசமி அந்தியில் ஆரத்தி எடுத்து ஒரு பொம்மையையாவது படுக்க வைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கொலு முடிந்தது என்று கணக்கு, மறுநாள் மற்றவற்றை எடுத்துப் பெட்டியில் வைக்கலாம். அந்த வீட்டில் படுப்பது எப்போதும் பிரான்ஸ் பொம்மைதான், ஏனென்றால் சாய்த்தால் அதற்கு இமை மூடும், நிமிர்த்தினால் திறக்கும். படுக்க வைக்கிற உரிமை வீட்டில் சின்னவளுக்கு, அதாவது மரகதத்துக்கு. எழுபதாம் வருஷ நவராத்திரியில் பிரான்சிலிருந்து ஒரு மாப்பிள்ளை அஞ்சுகத்தைப் பெண் பார்க்க வந்து, கொலு பார்த்து, சுண்டல் சாப்பிட்டு, தட்டை வாங்க வந்த மரகதத்தைப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் பொம்மையைக் காணவில்லை. எடுத்து ஒளித்தது அஞ்சுகம். விஜயதசமி அந்தியில் படுக்க வைக்கப் பொம்மை இல்லாமல் போகவே, நீதான் எங்கேயோ தொலைத்தாய் என்று அப்பா மரகதத்தை இடது கன்னத்தில் அறைந்தார்; கல்யாணம் முடிந்து கப்பலேறுகிறவரை அவளோடு பேசவில்லை; அடுத்த வருஷம் செத்தும் போனார். அஞ்சுகத்துக்கு மனசு கேட்காமல், தங்கை புறப்படுவதற்கு முந்தின நாள் அவள் அடுக்கின் தையலைப் பிரித்து, ஐந்தாவது பாத்திரத்தில் பொம்மையை நிறுத்தி, திரும்பத் தைத்து வைத்தார். அங்கே போய்ப் பிரித்ததும் பார்ப்பாள், பார்த்ததும் எழுதுவாள் என்று இருந்தார். கடிதம் வரவில்லை. இவ்வளவு செய்தும் அவளுக்கு மனம் இரங்கவில்லையே என்று இவருக்கும் இறுகிப்போயிற்று.

ஆக, சாக்கில் தங்கையின் பெயரைப் பார்த்த அன்றுதான், பொம்மை ஊரைவிட்டே போகவில்லை என்பது அவருக்குத் தெரிந்தது. அடுக்குகள் எப்படி மாறின என்பது மட்டும் தெரியவில்லை.

விஜயதசமி அந்தியில் அக்காவே அதைப் படுக்க வைத்தார். இமை மூடவில்லை. பழைய பொம்மை, துருவேறியிருக்கும் என்று பேசிக்கொண்டு கலைந்தோம். காலையில் அது மூன்றாம் படியில் பழைய இடத்தில் நின்றுகொண்டிருந்தது. மறுநாளும் படுக்க வைத்தார், மறுநாள் காலையும் நின்றது. மரப்பாச்சியைப் படுக்க வைத்துப் பார்த்தோம், காலையில் மரப்பாச்சியும் நின்றது. எல்லாவற்றையும் பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிப் பூட்டினோம். விடிந்தபோது எண்பத்து நாலு பொம்மைகளும் படியேறி அவையவை இடத்தில் இருந்தன. செட்டியார் பொம்மை மட்டும் ஐந்தாம் படிக்குப் பதில் ஆறாம் படியில் இருந்தது. பூட்டும்போது நாங்கள்தான் அவசரத்தில் கலைத்து வைத்திருப்போம் என்று அந்தப் பழியை ஏற்றுக்கொண்டோம்.

குருக்களைக் கேட்டதற்கு, பொம்மை படுக்காவிட்டால் கொலு நடக்கிறது என்றுதான் பொருள், நடக்கிற கொலுவுக்கு நைவேத்தியம் நிறுத்தக்கூடாது, மற்றபடி பஞ்சாங்கத்தில் இதற்கு ஒன்றும் போடவில்லை என்று சொல்லிவிட்டார். ரெஜினா நாடி பிடிக்கிற மாதிரி பொம்மையின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, படுக்க மாட்டேன் என்று அடம் பிடிக்கிற நோயாளியை ரெண்டு நாள் அதன் போக்கில் விட்டுவிட வேண்டும் என்றாள். விட்டோம்.

அந்த ரெண்டு நாள் நீண்டு தீபாவளி ஆயிற்று. கொலுவுக்கு முன்னாலேயே எண்ணெய் தேய்த்துக்கொண்டோம், மத்தாப்பை வாசலோடு நிறுத்திக்கொண்டோம். சுண்டலுக்கு முறை போட்டோம்: திங்கள் கொண்டைக்கடலை, செவ்வாய் பச்சைப்பயறு, புதன் காராமணி, இப்படி. வியாழக்கிழமை கோடிவீட்டு ஜுலைகா பட்டாணி அனுப்பினாள். கார்த்திகைக்குள் எங்களுக்குத் தெரிந்த பாட்டுகள் தீர்ந்துபோகவே, பள்ளிக்கூடத்து வாய்ப்பாடுகளையும், பிறகு ரயில் நிலையங்களின் பெயர்களையும் ராகம் போட்டுச் சொன்னோம், யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுக்கிற ரவிக்கைத் துண்டுகள் வீடு வீடாகச் சுற்றின. அக்கா முதல் நாள் ரெஜினாவுக்குக் கொடுத்த கிளிப்பச்சைத் துண்டு மார்கழி முடிவதற்குள் ஏழு தரம் அக்காவிடமே திரும்பி வந்தது, ஏழு தரமும் அவர் அதைப் புதுசாகப் பார்க்கிற மாதிரி நிறம் நன்றாயிருக்கிறது என்று சொல்லி வாங்கிக்கொண்டார். கிறிஸ்துமசுக்கு ரெஜினா வீட்டில் குடில் வைக்க இடமில்லாமல், மாட்டையும் மூன்று ராஜாக்களையும் கொண்டுவந்து கடைசிப் படியில் வைத்தாள். ஜனவரியில் எடுத்துப் போனாள், மறுநாள் காலை ராஜாக்கள் திரும்ப வந்துவிட்டார்கள், மாடு வரவில்லை. தெருவில் ஒரு சாவு விழுந்தபோது படிகளுக்குத் திரை போட்டு மூடினோம். திரைக்குப் பின்னால் அவை நின்றன, திரைக்கு முன்னால் நாங்கள் அழுதோம். கடலைக் கடைக்காரர் எதற்கு இவ்வளவு என்று கேட்பதை நிறுத்தியிருந்தார். வெளியூருக்குப் பெண் கொடுத்தவர்கள் சம்பந்திகளிடம், எங்கள் தெருவில் கொலு இன்னும் எடுக்கவில்லை என்று, கூரை இன்னும் மாற்றவில்லை என்பதைப் போலச் சொல்லிப் பழகினார்கள்.

அஞ்சுகம் அக்கா மட்டும் இளைத்துக்கொண்டே வந்தார். எங்களில் யாரும் அவரை எதுவும் கேட்கவில்லை. ஆனால் பாத்திரத்தில் இருந்த பெயரை எல்லோரும் படித்திருந்தோம்.

சொல்ல வேண்டியதைக் கடைசியில் தங்கப்பிரகாசம் ஐயாதான் சொன்னார். அவரும் பழைய சொல்தா, தொண்ணூறைத் தாண்டியவர், தினமும் ஆறு மணிக்கு வந்து படிகளுக்கு முன்னால் விறைப்பாக நின்று ஒரு சல்யூட் வைத்துவிட்டுச் சுண்டலை வாங்கிக்கொண்டு போவார். தை மாதம் ஒருநாள் அவர் சுண்டலை வாங்காமல் நின்றார்.

"அது சென்ட்ரி நிக்குதும்மா, காவலுக்கு," என்றார். "சென்ட்ரி நிக்கிறவன் தானா உக்கார மாட்டான். நிறுத்துனவங்க வரணும், மாத்துறவங்க வரணும். ரெண்டு பேரும் வந்தாத்தான் கால மடக்குவான். நான் பனியில ராப்பகலா நின்னவன், எனக்குத் தெரியும்."

அக்கா, நிறுத்தினவள் இங்கேதானே இருக்கிறாள் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தோம். அவர் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

மாசி மாதம் முதல் வெள்ளிக்கிழமை அவர் போனை எடுத்தார். நம்பரை யாரிடமும் கேட்கவில்லை. மரகதம் வீடு மாறி வீடு மாறி நாலு தரம் மாறிய அந்த நம்பரின் எல்லா வடிவமும் அவருக்கு மனப்பாடமாக இருந்தது. மறுமுனையில் எடுத்ததும், தொலைபேசி நிலையத்தில் உட்கார்ந்திருந்த காலத்துக் குரலில், "காரைக்கால்லேர்ந்து கால் வந்திருக்குது. லைன்ல இருங்க," என்றார். பிறகு, "நான்தான்," என்றார். "பிரான்ஸ் பொம்மை கெடச்சிருக்குது. படுக்க மாட்டேங்குது. வந்து படுக்க வச்சிட்டுப் போ."

எங்கே கிடைத்தது, எப்படிக் கிடைத்தது என்று அந்தப் பக்கம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இங்கே இப்போது வெயில் எப்படி என்று மட்டும் கேட்டாளாம்.

பங்குனி மூன்றாம் தேதி மரகதம் வந்து இறங்கினாள். எழுபது வயது, கனத்த உடம்பு, ஒரு கைத்தடி, பருத்திப் புடவைக்கு மேல் கம்பளிச் சட்டை. இடது காதில் கேட்கிற கருவி. அக்கா வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றவர், முதலில் முகத்தைப் பார்க்காமல் அந்தக் காதைத்தான் பார்த்தார். வயசாகிவிட்டது, அக்கா, என்று மரகதம் தானாகவே சொன்னாள். எந்த வயசில் என்று அக்கா கேட்கவில்லை.

அன்று அந்தியில் தெரு முழுக்கக் கூடியது. மரகதம் பொம்மையைக் கையில் எடுத்து, லேஸ் குல்லாவைச் சரி செய்து, கடைசிப் படியில் விரித்திருந்த துண்டில் படுக்க வைத்தாள். இமை மூடவில்லை. காலையில் நின்றுகொண்டிருந்தது. மாத்துறவங்க வந்தாச்சு என்று தங்கப்பிரகாசம் ஐயா யாரையும் பார்க்காமல் சொன்னார்.

மரகதம் பதினாலு நாளைக்குத்தான் வந்திருந்தாள். பதினோரு அந்தி படுக்க வைத்தாள், பதினோரு காலை அது நின்றது. இரண்டு பேரும் ஒரே வீட்டில் சாப்பிட்டார்கள், ஒரே கொடியில் புடவை உலர்த்தினார்கள், மருந்து மாத்திரைகளைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். பொம்மை எங்கே இருந்தது என்று கேட்டதற்கு, பரணில் என்றார் அக்கா. அம்மா வச்சிருப்பாங்க என்றாள் மரகதம். அத்தோடு விட்டிருக்கலாம், செத்துப்போன அம்மா மறுத்துச் சொல்லப் போவதில்லை, மரகதம் நல்ல மனசோடு விமானம் ஏறியிருப்பாள். கொலு மட்டும் நின்றுகொண்டிருந்திருக்கும், அதற்குத்தான் நாங்கள் பழகிவிட்டோமே.

பன்னிரண்டாம் நாள், காராமணி சுண்டல். பாட்டுக்குத் தட்டுகிற சிங்கிச்சாச் சத்தம் தாங்காமல் மரகதம் காதுக் கருவியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, கீழே உட்கார முடியாததால் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு இடது பக்கம் அக்கா, வெற்றிலைத் தட்டோடு. பாட்டு நின்ற இடைவெளியில் அக்கா மெல்லிய குரலில், அந்தப் பொம்மையை ஒளித்து வைத்தது நான்தான் என்றார். பக்கத்தில் இருந்த ரெஜினாவுக்குக் கேட்டது.

மரகதம் திரும்பினாள். "அந்தக் காது கேக்காது. இந்தப் பக்கமா வந்து சொல்லு."

அக்கா எழுந்தார். வலது பக்கம் போக ஏழு பேர் முழங்காலை மடக்கி வழிவிட வேண்டியிருந்தது, மடக்கினோம். அவர் போய் நின்று, தட்டை இறக்காமல், கடல் தாண்டிக் கேட்க வேண்டும் என்பதற்காக முப்பத்தைந்து வருஷம் பழகிய குரலில் சொன்னார். "பொம்மைய ஒளிச்சது நான். நீ தொலைக்கல. அப்பா உன்ன அறைஞ்சப்ப நான் கதவுக்குப் பின்னால நின்னுக்கிட்டிருந்தேன். வாயத் தொறக்கல."

தெரு முழுக்கக் கேட்டது. மரகதம் வாயில் இருந்த காராமணியை மென்று விழுங்கினாள்.

"நீ நின்னது தெரியும். கதவிடுக்குல உன் பாவாடை தெரிஞ்சுதே."

"அப்பவே சொல்லியிருக்கலாம்லடி."

"மாப்ளைய நான் எடுத்துக்கிட்டேன். பொம்மை உங்கிட்டயே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

"எங்கிட்ட இல்ல." என்றார் அக்கா. "அத உன் அடுக்குலதான் வச்சேன். அஞ்சாவது பாத்திரத்துல. உன்கூட வந்திருச்சுன்னுதான் இத்தன வருஷமும் நெனச்சேன். உன் பேரு போட்டது எப்படிடி என் பரண்ல இருக்குது?"

மரகதம் மடியிலிருந்த கருவியை எடுத்துத் துடைத்துக் காதில் மாட்டிக்கொண்டாள், இனிமேல் வருவதைத் தன் காதாலும் சரியாகக் கேட்க வேண்டும் என்பதைப் போல.

"பொறப்படுற அன்னிக்குக் காலையில நான்தான் சாக்க மாத்துனேன்," என்றாள். "உன் அடுக்கத்தான் எடுத்துக்கிட்டுப் போனேன். உன் பேரு வெட்டுனது எங்கிட்ட இருந்தா, அதத் திருப்பிக் கேக்கறதுக்காவது நீ ஒரு கடுதாசி போடுவேன்னு நெனச்சேன்."

"நான் சாக்கப் பிரிச்சதேயில்லியே."

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

எந்த வீட்டிலோ குக்கர் விசில் அடித்தது, யாரும் எழுந்து போகவில்லை. அந்த அடுக்கில்தான் இத்தனை வருஷமும் சோறு வடித்ததாகவும், தமிழ் படிக்கத் தெரியாத தன் பேரப்பிள்ளைகள் விளிம்பில் இருக்கிற புள்ளிகளை விரலால் தடவித் தடவி இது என்ன என்று கேட்பார்கள் என்றும், எங்க அக்கா என்று சொல்வதாகவும் மரகதம் பிறகு சொன்னாள். சொல்லும்போது அவள் அக்காவைப் பார்க்கவில்லை, மூன்றாம் படியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா தட்டைக் கீழே வைத்தார். "எடு," என்றார்.

"நீயும் புடி."

இரண்டு பேரும் பிடித்தார்கள். தலையை மரகதமும் காலை அக்காவுமாக, ஒரு கைக்குழந்தையை இறக்குகிற மாதிரி இறக்கினார்கள். லேஸ் குல்லா துண்டில் பட்டதும் எவர்சில்வர் பாத்திரத்தில் ஊசி விழுந்த மாதிரி ஒரு சின்னச் சத்தம் கேட்டது. இமை மூடியிருந்தது. தங்கப்பிரகாசம் ஐயா சல்யூட் அடித்த கையை இறக்க மறந்து நின்றார். யாரும் பாடவில்லை. நூற்று அறுபது நாளில் முதல் தடவையாக அன்று சுண்டல் மிஞ்சியது.

மறுநாள் காலை பத்து மணி வரை அக்கா வீட்டுக் கதவு திறக்கவில்லை. பால்காரர் வைத்துவிட்டுப் போன பாக்கெட் வெயிலில் வியர்த்துக்கொண்டிருந்தது. தாழ்ப்பாள் போடாத கதவுதான், தள்ளிக்கொண்டு போனோம். படிகளுக்கு முன்னால் பாய் விரித்து அக்கா படுத்திருந்தார். கீழே உட்கார முடியாத மரகதம் எப்படிக் கீழே படுத்தாளோ, அவரோடு ஒட்டிப் படுத்திருந்தாள், காதுக் கருவி தலையணைக்குப் பக்கத்தில் கிடந்தது. கடைசிப் படியில் துண்டின் மேல் பொம்மை. மூன்று பேரும் மல்லாந்து படுத்து, கண் மூடி, அசையாமல் இருந்தார்கள்.

எங்களுக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. ரெஜினா மெல்லப் போய்க் குனிந்து அக்காவின் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாள், இருக்கிறது என்று தலையாட்டினாள். மரகதத்துக்கு வைத்துப் பார்த்தாள், இருக்கிறது. பிறகு, இத்தனை மாதப் பழக்கத்தில், பொம்மைக்கும் விரல் வைத்தாள். அங்கேதான் அதிக நேரம் வைத்திருந்தாள். நாங்கள் அவள் தலையாட்டுவதற்காகக் காத்திருந்தோம். அவளோ எங்களைப் பார்க்காமல், விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு, ஜன்னலில் வெயில் விழாமல் திரையை இழுத்துவிட்டு, சத்தம் போடாமல் வெளியே போகச் சொல்லி எங்களுக்குச் சைகை காட்டினாள்.